'35 டிகிரிதானே'ன்னு அசால்ட்டா இருக்காதீங்க... வியர்வை காயவில்லை என்றால் உடம்பு என்ன ஆகும்?

கடந்த மே மாதம் ஒரு நாள் காலை ஷிஃப்ட். நான் போட்ட செய்தியின் தலைப்பு: 'சென்னையில் சற்றே தணிந்தது வெயில்'. முந்தைய நாள் 39 டிகிரி. அன்று கடல்காற்று சீக்கிரமே உள்ளே வந்துவிட்டதால் 35 டிகிரியோடு நின்றுவிட்டது. நல்ல செய்திதானே என்று பப்ளிஷ் பண்ணிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மாலை 4 மணிக்கு ரூம்மேட் வந்தான். உணவு டெலிவரி வேலை பார்ப்பவன். காலை 10 மணியிலிருந்து வண்டியிலேயே இருந்திருக்கிறான். கதவைத் திறக்கத் தெரியாமல் சாவியை வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டால், சம்பந்தமே இல்லாமல் ஊரில் இருக்கும் மாட்டைப் பற்றிப் பேசினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு கொதித்தது. காய்ச்சல் என்று நினைத்து, நான் காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

சத்தம் கேட்டு கீழ் வீட்டு அக்கா மேலே வந்தார். அவர் நர்ஸ். மாத்திரையைப் பார்த்ததும் கத்திவிட்டார். "அதெல்லாம் வேணாம்பா, அவனை பாத்ரூமுக்குத் தூக்கு. தண்ணிய ஊத்து முதல்ல!" இரண்டு பக்கெட் தண்ணீர், ஈரத்துண்டு, டேபிள் ஃபேன், அப்புறம் 108. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இவ்வளவுக்குப் பிறகும் அவன் உடம்புச் சூடு 39.5 டிகிரி. இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான்.

அவன் விழுந்தது நான் 'வெயில் தணிந்தது' என்று எழுதிய அதே நாளில். எப்படி? அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இந்தக் கட்டுரை.

உடம்பு தன்னை எப்படி குளிர வைக்கிறது?

நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு சுமார் 100 வாட் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்று வயிற்றுக்குள் எரிகிற மாதிரி. படி ஏறினால், மூட்டை தூக்கினால் அது பல மடங்கு கூடும். இந்தச் சூட்டை வெளியே தள்ளினால்தான் உள்ளே 37 டிகிரியில் நிற்க முடியும்.

காற்று குளிர்ச்சியாக இருந்தால் வேலை சுலபம். தோலிலிருந்து சூடு தானாகவே காற்றுக்குப் போய்விடும். ஆனால் வெயில் காலத்தில் நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. வெளியே காற்றும் 35 என்றால் சூடு எங்கே போகும்? அதற்கு மேல் போனால், காற்று நம்மைச் சுட ஆரம்பிக்கும்.

அப்போது உடம்பிடம் மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. அந்த வியர்வை காய வேண்டும். தண்ணீர் ஆவியாக மாறும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் தோலிலேயே காய்ந்தால், கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். அதே வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால்? தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம், குளிர்ச்சி கிடைக்காது.

ரூம்மேட்டின் சட்டை தொப்பலாக நனைந்திருந்ததற்கு அர்த்தம் இதுதான். வியர்வை வந்தது. காயவில்லை.

40 டிகிரியை விட 34 டிகிரி மோசமாக இருக்க முடியுமா?

முடியும். வேலூர் மாதிரி உள்மாவட்ட ஊர் ஒன்றில் 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம்.

ஈரப்பதத்தையும் சேர்த்து உடம்பு உணரும் சூட்டைக் கணக்கிடும் முறைக்கு 'ஹீட் இண்டெக்ஸ்' என்று பெயர். உங்கள் போனின் வானிலை ஆப்பில் 'ஃபீல்ஸ் லைக்' என்று காட்டுவதும் இதே மாதிரியான ஒரு கணக்குதான். ஹீட் இண்டெக்ஸ்படி வேலூரின் 40 டிகிரி, 40-ஐ ஒட்டியே உணரப்படும். சென்னையின் 34 டிகிரியோ சுமார் 47 டிகிரி மாதிரி உணரப்படும்! இதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேரடி வெயிலில் இதோடு இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

விஞ்ஞானிகள் இதை இன்னொரு விதமாகவும் அளக்கிறார்கள். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்று வீசச் செய்து பார்ப்பார்கள். துணியிலுள்ள ஈரம் காயக் காய, அளவு இறங்கும். எவ்வளவு தூரம் இறங்குகிறதோ, அந்த அளவுக்குத்தான் அந்தக் காற்றில் வியர்வையால் நம்மைக் குளிர வைக்க முடியும். இது 'வெட் பல்ப்' வெப்பநிலை. மேலே சொன்ன உதாரணத்தில் வேலூரின் வெட் பல்ப் சுமார் 23 டிகிரி. சென்னைக்கு சுமார் 29.

வெட் பல்ப் 35-ஐத் தொட்டால், ஆரோக்கியமான மனிதர் நிழலில் சும்மா இருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது 2010-ல் விஞ்ஞானிகள் சொன்ன உச்ச வரம்பு. ஆனால் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது (2022-ல் வெளியான ஆய்வு), ஈரமான காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பு திணற ஆரம்பித்தது. வீட்டு வேலை அளவுக்கு லேசான அசைவுதான். அதற்கே உடம்புச் சூடு நிற்காமல் ஏறத் தொடங்கிவிட்டது. வயதானவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே.

29-க்கும் 31-க்கும் நடுவில் இருப்பது இரண்டே டிகிரி!

அப்போ கடல்காற்று நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று மதியம் வரை நின்றுவிட்டால் சென்னை 40-ஐத் தாண்டும். கடல்காற்று முன்னாடியே வந்தால் வெப்பநிலை இறங்கும், கூடவே ஈரப்பதம் ஏறும். பீச் பக்கம் காற்று வீசும் இடத்தில் நின்றால் சுகம்தான். அடுக்குமாடிகளுக்கு நடுவில், சிக்னலில், காற்றே இல்லாத சந்துக்குள் நின்றால் புழுக்கம் மட்டும்தான் மிஞ்சும். 39-லிருந்து 35-க்கு 'தணிந்த' அன்று நடந்தது இதுதான். எண் இறங்கியது, காற்று கனத்தது.

வெப்ப அலை எச்சரிக்கை வரலையே, பயப்படணுமா?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி இருக்க வேண்டும். அதோடு அந்த ஊரின் வழக்கமான அளவை விட 4.5 டிகிரியாவது அதிகமாக இருந்தால்தான் 'வெப்ப அலை'. மே மாதத்தில் சென்னையின் வழக்கமான உச்சமே 37, 38-ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்படியென்றால் இங்கே வெப்ப அலை என்று அறிவிக்க 42 பக்கம் போக வேண்டும். புழுங்கிச் சாகிற பல நாட்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

அதற்காக வானிலை மையம் சும்மா இருப்பதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம் என்று தினசரி அறிக்கையில் எச்சரிக்கிறார்கள். அந்த வரியை எங்களை மாதிரி ஆட்கள்தான் செய்தியின் கடைசிப் பத்தியில் போட்டுவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

2024 அக்டோபர் 6-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. கத்திரி முடிந்து நான்கு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வெப்பநிலை 40-ஐத் தொடவில்லை. காலை 11 மணி முதல் மதியம் 1 மணி வரை நிழலில்லாத மணலில் லட்சக்கணக்கானவர்கள். நெரிசலில் தண்ணீர் கிடைக்கவில்லை, வெளியேறவும் வழியில்லை. அன்று 5 பேர் இறந்தார்கள். வெயிலின் தாக்கமே காரணம் என்றார் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன். அதே மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

ராத்திரி ஏன் இவ்வளவு முக்கியம்?

பகலில் வாங்கிய அடியை உடம்பு சரிசெய்துகொள்வது ராத்திரியில்தான். இதயத் துடிப்பு இறங்க வேண்டும், உள்சூடு குறைய வேண்டும், தூக்கம் வர வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி முழுக்க அதை ரூமுக்குள் விடுகிறது. வெளியே 30 டிகிரி என்று போன் காட்டும். சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

சரிசெய்யாத அசதியோடு அடுத்த நாள் வெயிலுக்குப் போனால், முதல் நாள் தாங்கியது மூன்றாம் நாள் தாங்காது. என்ன செய்யலாம்?

* மாடிக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட்டோ அடித்தால் தளம் வாங்கும் சூடே குறையும். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் பேசுங்கள், அவர் கட்டடத்துக்கும் நல்லது. மாடியில் தென்னங்கீற்று போட்டு நிழல் செய்வதும் இதே வேலையைச் செய்யும்.
* ஜன்னலைப் பகலில் மூடுங்கள், இரவில் திறங்கள். வெளிக்காற்று அறையை விடச் சூடாக இருக்கும்வரை ஜன்னலும் திரையும் மூடியே இருக்கட்டும். வெளியே இறங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஓட விடுங்கள்.
* படுப்பதற்கு முன் குளியுங்கள், முழுதாகத் துவட்டாமல் ஃபேனுக்கு அடியில் படுங்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையைக் குழாய்த் தண்ணீர் செய்யும். உடம்பில் இருக்கும் உப்பும் தண்ணீரும் மிச்சம்.

ஃபேன், ஏர் கூலர், ஏசி... எது எப்போது?

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. வியர்வையைக் காய வைக்கிறது, அவ்வளவுதான். அறை 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை பயன்படும். அதைத் தாண்டினால் சூடான காற்றை மேலே அடித்து உடம்பை இன்னும் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வயதானவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரக்கும் என்பதால் ஃபேன் காற்று மட்டும் போதாது. தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேன் போடுங்கள்.

ஏர் கூலரைப் பொறுத்தவரை ஊரைப் பார்த்து வாங்குங்கள். அது வேலை செய்வதே தண்ணீரைக் காய வைத்துத்தான். காற்று காய்ந்திருக்கும் உள்மாவட்டங்களில் அருமையாக இருக்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில், அதுவும் மூடிய அறையில் ஓட்டினால், ஏற்கெனவே இருக்கும் புழுக்கத்தில் இன்னும் ஈரத்தைச் சேர்ப்பதாகத்தான் முடியும். ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிடும் ட்ரிக்கும் அப்படித்தான்.

ஏசி இருந்தால் 18-ல் வைக்கத் தேவையில்லை. 27-ல் வைத்து ஃபேனையும் போட்டால் அறை 4 டிகிரி வரை குளிர்ந்த மாதிரி இருக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. கரன்ட் பில்லும் குறையும். ஏசி இல்லையா? மதியம் ஒன்றிரண்டு மணி நேரம் நூலகம், மால் என்று குளிர்ந்த இடத்தில் இருந்தாலே உடம்புக்குப் பெரிய இடைவெளி. வண்டியில் சுற்றும் டெலிவரி ஊழியர்களுக்காக 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் ஏசி ஓய்வறை திறந்தது இதற்காகத்தான்.

தண்ணீர் மட்டும் குடித்தால் போதுமா?

ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தாகத்துக்குக் குடித்துக்கொண்டு, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். வெயிலில் வேலை பார்ப்பவர்கள் தாகத்துக்குக் காத்திருக்கக் கூடாது. 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி. ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதை விட இது நல்லது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீராகவே நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, அதுவே ஆபத்தாகிவிடும்.

உப்பும் சேர்ந்து போகவேண்டும். உப்பு போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம் இரண்டுமே சரியான தேர்வு. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நல்லதுதான், ஆனால் சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ் தயாரிக்க: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. கடையில் வாங்கினால் மெடிக்கலில் கிடைக்கும் பவுடர் பாக்கெட்டை வாங்கி, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள். பழச்சுவையோடு டெட்ரா பாக்கில் விற்கும் இனிப்பு பானங்கள் ஓ.ஆர்.எஸ் என்ற பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டிருக்கிறது.

சாதாரண மயக்கமா, ஹீட் ஸ்ட்ரோக்கா?

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தசைப்பிடிப்பு, கடும் சோர்வு. ஆனால் ஆள் தெளிவாகப் பேசுகிறார். இது வெப்பத் தளர்ச்சி. நிழலுக்கு வந்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பை நனைத்து, ஓ.ஆர்.எஸ் குடித்தால் பெரும்பாலும் சரியாகும். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

உளறல், குழப்பம், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், வலிப்பு, மயக்கம்... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஹீட் ஸ்ட்ரோக் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்சூடு 40-ஐத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். 'வியர்வை நின்றுவிட்டால்தான் ஹீட் ஸ்ட்ரோக்' என்பது பாதி உண்மை. உழைக்கும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை ஊற்றிக்கொண்டேகூட இருக்கலாம். என் ரூம்மேட்டுக்கு இருந்த மாதிரி.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

1. 108-க்கு போன். ஒருவர் போன் பேசட்டும், இன்னொருவர் அடுத்த வேலையைத் தொடங்கட்டும்.
2. நிழலுக்குக் கொண்டுபோய், அதிகப்படி உடைகளைக் கழற்றுங்கள்.
3. ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வையுங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சூடு இறங்குகிறதோ, அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு.
4. நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.
5. காய்ச்சல் மாத்திரை வேண்டாம். காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டை ஏற்றி வைக்கிறது, மாத்திரை அதைக் குறைக்கும். இங்கே மூளை குறைக்கத்தான் போராடுகிறது, முடியவில்லை. மாத்திரையால் பயனில்லை.

ரத்த அழுத்தம், இதய நோய், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், சில அலர்ஜி மாத்திரைகளும் வியர்வையையோ உடம்பின் நீர் அளவையோ பாதிக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கோடை தொடங்கும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து.

நாளைக்கு வெளியே கிளம்பும் முன்...

போனில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு ஆப்பை மூடாதீர்கள். கீழே தள்ளி ஈரப்பதத்தையும் 'ஃபீல்ஸ் லைக்' எண்ணையும் பாருங்கள். மதியம் 12 முதல் 3 வரை தள்ளிப்போடக்கூடிய வேலையைத் தள்ளிப்போடுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் தளர்வான பருத்திச் சட்டையும் கழுத்தில் ஒரு ஈரத்துண்டும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி நகரும்போது வீசும் காற்றில் அந்த ஈரம் காயும், அதுதான் வேண்டும். புது வேலை, லீவு முடிந்து திரும்பிய வேலை என்றால் முதல் வாரம் கவனமாக இருங்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

ரூம்மேட் இப்போது மதியம் இரண்டு மணி நேரம் ஆப்பை ஆஃப் செய்துவிடுகிறான். அன்றைய வருமானத்தில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. எல்லோராலும் அதைக் கொடுக்க முடியாது என்று அவனே சொல்வான். "யாராவது ஒரு வீட்ல 'தம்பி, தண்ணி வேணுமா'ன்னு கேட்டா, அந்த மதியம் ஓடிடும்டா" என்றான் ஒருநாள்.

நான் இப்போது வெயில் செய்தி எழுதினால், ஈரப்பதத்தை இரண்டாவது வரியிலேயே போட்டுவிடுகிறேன். நீங்கள் அடுத்த முறை மதியம் ஆர்டர் போட்டால், கதவைத் திறக்கும்போது கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு திறங்கள். வந்து நிற்பவர் பேச்சில் தடுமாறினால், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு 108-க்கு போன் போடுங்கள். கையிலிருக்கும் தண்ணீரை அவர் தலையில் ஊற்றுங்கள்.